எஸ்டோனியாவில் கம்பெனி தொடங்குமுன்: இ-ரெசிடென்சி அட்டை எதைத் திறக்கும், எதைத் திறக்காது

எஸ்டோனியாவின் மக்கள்தொகை 14 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. உள்ளூர்ச் சந்தையைக் காட்டித் தொழில்முனைவோரை அழைக்க அந்த நாட்டால் முடியாது. அதனால் தன் அரசு நிர்வாகத்தையே முன்னால் வைத்தது. அரசுத் துறைகளின் தரவுத்தளங்களை இணைக்கும் எக்ஸ்-ரோடு 2001இல் வந்தது, மின் அடையாள அட்டை 2002இல், இணையவழி வாக்களிப்பு 2005இல். சொந்தக் குடிமக்களிடம் பல ஆண்டுகள் ஓடித் தேறிய அந்த ஏற்பாட்டைத்தான், வாக்களிப்பு நீங்கலாக, 2014 டிசம்பர் 1 முதல் வெளிநாட்டவருக்கும் திறந்துவிட்டார்கள். அதன் பெயர் இ-ரெசிடென்சி.

குழப்பமெல்லாம் அந்தப் பெயரில் தொடங்குகிறது. ‘ரெசிடென்சி’ என்றதும் குடியிருப்பு உரிமை, விசா, வரிச்சலுகை என்று மனம் தாவுகிறது. உண்மையில் கிடைப்பது எஸ்டோனிய அரசு தரும் டிஜிட்டல் அடையாள அட்டை ஒன்றுதான். அந்த அட்டையில் உங்கள் புகைப்படம்கூட இருக்காது; அதைக் காட்டி எந்த எல்லையையும் கடக்க முடியாது. அரசு இணையதளங்களுக்குள் நுழையலாம், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் கையெழுத்துக்குச் சமமாகச் செல்லும் டிஜிட்டல் கையொப்பம் இடலாம். தலைநகர் தாலினுக்கே போய்த் தொழில் நடத்த விரும்புவோருக்கு 2017இல் வந்த ஸ்டார்ட்அப் விசா, தொலைவேலை செய்வோருக்கு 2020இல் வந்த டிஜிட்டல் நோமாட் விசா ஆகியவை தனி வழிகள். இந்த அட்டை இருப்பதால் அவை எளிதாகிவிடாது.

விண்ணப்பம் முழுக்க இணையத்தில். பாஸ்போர்ட் நகல், புகைப்படம், என்ன தொழில், ஏன் எஸ்டோனியா என்ற விளக்கம், 150 யூரோ அளவில் கட்டணம். காவல் மற்றும் எல்லைக் காவல் வாரியம் பின்னணியைச் சோதிக்கும். அதற்குச் சில வாரங்கள், அட்டை நீங்கள் தேர்ந்த தூதரகத்துக்கோ சேவை மையத்துக்கோ வந்துசேர மேலும் சில வாரங்கள். விளக்கத்தை ஒப்புக்கு எழுதுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. ‘ஐரோப்பாவில் வணிகம் செய்ய ஆசை’ என்ற ஒற்றை வரியிலிருந்து அதிகாரிக்கு எதுவும் தெரியாது. எந்தச் சேவை, யாருக்கு, பணம் எங்கிருந்து வரும் என்று எழுதுங்கள். பின்னால் வங்கியும் இதே கேள்விகளைத்தான் கேட்கும். இரண்டு பதில்களும் பொருந்த வேண்டும்.

அட்டையை நேரில் போய், கைரேகை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கூடவே கார்டு ரீடரும் ரகசிய எண்கள் அடங்கிய உறையும் வரும்: உள்நுழைய 4 இலக்க பின்-1, கையொப்பமிட 5 இலக்க பின்-2, பூட்டு விழுந்தால் திறக்க பக் எண். மூன்று முறை தவறாக இட்டால் பின் பூட்டிக்கொள்ளும். பக் எண்ணும் தொலைந்திருந்தால் மறுபடி அலைச்சல். உறையைக் கார்டோடு ஒரே பையில் வைக்காதீர்கள்.

கம்பெனிப் பதிவு இதைவிட எளிது. பெரும்பாலோர் தொடங்குவது ‘ஓயூ’ எனப்படும் தனியார் லிமிடெட் கம்பெனி. இணையவழிப் பதிவுக்கு அரசுக் கட்டணம் 265 யூரோ. முன்பு 2,500 யூரோவாக இருந்த குறைந்தபட்சப் பங்கு மூலதனம் 2023 பிப்ரவரியிலிருந்து ஒரு பங்குதாரருக்கு ஒரு சென்ட்வரை இறங்கிவிட்டது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக ஒரு சென்ட் போடச் சொல்ல மாட்டோம். வணிகப் பதிவேடு எல்லோர் பார்வைக்கும் திறந்தது; வாடிக்கையாளரும் வங்கியும் அந்தத் தொகையைப் பார்ப்பார்கள். இயக்குநர்கள் வெளிநாட்டில் இருந்தால், எஸ்டோனியாவில் சட்ட முகவரியும், கம்பெனி சார்பில் அரசுக் கடிதங்களைப் பெறும் உரிமம் பெற்ற தொடர்பு நபரும் கட்டாயம். இது ஆண்டுதோறும் வரும் செலவு. கணக்காளர் கட்டணமும் அப்படியே. தொடக்கச் செலவை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இரண்டாம் ஆண்டில் திணறுகிறார்கள்.

வங்கிக் கணக்குதான் பலர் முட்டி நிற்கும் கதவு. அரசு கம்பெனியைப் பதிவு செய்யும். கணக்குத் திறக்கும்படி எந்த வங்கியையும் வற்புறுத்தாது. 2007 முதல் 2015 வரை டான்ஸ்கே வங்கியின் எஸ்டோனியக் கிளை வழியாகச் வெளிநாட்டவரின் சுமார் 20,000 கோடி யூரோ பாய்ந்ததும், அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது என்பதும் அம்பலமான பிறகு, வெளிநாட்டவர் கணக்கு என்றாலே வங்கிகள் கூர்ந்து பார்க்கின்றன. எஸ்டோனியாவோடு உங்களுக்கு என்ன தொடர்பு, அங்கே வாடிக்கையாளர், சப்ளையர், ஊழியர் யாராவது உண்டா என்பதே முதல் கேள்வி. பதில் இல்லையென்றால் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் உரிமம் பெற்ற பணப்பரிவர்த்தனை நிறுவனங்களில் முயல்வதுதான் நடைமுறை. அவையும் சில தொழில்களையும் சில நாட்டவரையும் ஏற்பதில்லை. கம்பெனியைப் பதிவு செய்யுமுன், அவை யாரை, எதை ஏற்பதில்லை என்ற பட்டியல்களைப் படித்துவிடுங்கள்.

அடுத்தது வரி. ‘பூஜ்ய வரி’ என்ற விளம்பரம் பாதி உண்மை. 2000ஆம் ஆண்டிலிருந்து, கம்பெனிக்குள்ளேயே வைத்திருக்கும் லாபத்துக்கு எஸ்டோனியாவில் வருமான வரி இல்லை. லாபத்தை வெளியே எடுக்கும்போது வரி வரும். 2025 முதல் அந்த விகிதம் 22/78. அதாவது 10,000 யூரோ லாபத்தைப் பங்கிட்டால் ஈவுத்தொகை 7,800, வரி 2,200. வளர்ச்சிக்காகப் பணத்தைத் திரும்பத் திரும்ப முதலீடு செய்யும் கம்பெனிக்கு இது அருமையான ஏற்பாடு. மாதா மாதம் எடுத்துச் செலவழிக்கும் ஒற்றை ஆள் தொழிலுக்கு அவ்வளவு பயன் இல்லை. கம்பெனிக் கார்டில் சொந்தச் செலவு செய்தால் அதற்கும் இதே 22/78 பாயும் என்பதைப் பலர் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதுதான் அறிகிறார்கள். இயக்குநருக்கு மாத ஊதியம் கொடுத்தால், அவர் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் பொதுவாக எஸ்டோனியாவில் வருமான வரியோடு, ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்குமான 33% சமூக வரியும் சேரும். ‘ஊதியம் சின்னதாக எடுத்துக்கொள்கிறேன்’ என்று கணக்காளரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் எஸ்டோனியாவுக்கு வெளியே இருக்கிறது. நீங்கள் ஒரு நாட்டில் உட்கார்ந்து, அங்கிருந்தே எல்லா முடிவும் எடுத்து, எல்லா வேலையும் செய்தால், ‘கம்பெனி உண்மையில் எங்கள் மண்ணில்தான் நடக்கிறது’ என்று அந்த நாட்டு வரித்துறை சொல்லலாம். அப்போது எஸ்டோனியா வசூலிக்காத வரியை அவர்கள் வசூலிப்பார்கள். இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டா, அதில் ‘நிலையான தொழிலகம்’ (வெளிநாட்டுக் கம்பெனி ஒரு நாட்டில் வரி கட்ட வேண்டியதாக்கும் தொழிலிடம்) எப்படி வரையறுக்கப்பட்டிருக்கிறது என்பதை உங்கள் ஊர் வரி ஆலோசகரிடம் கேட்டுத் தெளிவது முதல் வேலை. விண்ணப்பத்துக்கும் முன்னால்.

வாட் எனப்படும் மதிப்புக்கூட்டு வரிப் பதிவுக்கான எல்லை ஆண்டுக்கு 40,000 யூரோ விற்பனை. 2025 ஜூலை முதல் பொது விகிதம் 24%. பதிவு செய்தபின் ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், விற்பனை இல்லாத மாதத்திலும்.

நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள் ஆண்டறிக்கை. டிசம்பரில் ஆண்டு முடிந்தால் ஜூன் 30. ஒரு யூரோகூடப் புரளாத கம்பெனிக்கும் இது உண்டு. தவறினால் அபராதம், தொடர்ந்து தவறினால் பதிவேட்டிலிருந்து நீக்கம்.

திட்டத்தைத் தொடங்கியபோது 2025க்குள் 1 கோடி இ-ரெசிடென்ட் என்று பேசினார்கள். சேர்ந்தவர்கள் 1 லட்சத்துக்கு மேல். இதைத் தோல்வியாக நாங்கள் பார்க்கவில்லை. எல்லை தாண்டிச் சேவை விற்கும் சிறு மென்பொருள் நிறுவனம், வெவ்வேறு நாடுகளில் இருக்கும் கூட்டாளிகள், ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு யூரோவில் விலைப்பட்டியல் அனுப்ப வேண்டிய ஆலோசகர் ஆகியோருக்கு இவ்வளவு ஒழுங்கான அரசு இடைமுகம் அபூர்வம். உள்ளூர்க் கடை, உணவகம், சொந்த ஊர் வாடிக்கையாளரை மட்டும் நம்பிய தொழில் ஆகியவற்றுக்கு இது வீண் செலவு.

அட்டையின் ஆயுள் 5 ஆண்டு. அது முடிந்தால் கம்பெனி உயிரோடு இருக்கும், நீங்கள் கையொப்பமிட முடியாது. புதிய விண்ணப்பம், புதிய கட்டணம், மறுபடி நேரில் போய்க் கைரேகை. காலாவதித் தேதி மே, ஜூனில் விழுந்தால் ஆண்டறிக்கையும் சேர்ந்தே சிக்கும். குறைந்தது 3 மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.