கீழ் இமைக்குள்ள தெரியிற ரத்தம்

அக்காவுக்கு ரெண்டாவது பிள்ளை வயித்தில இருக்கேக்க நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனனான். டொக்டர் முதல் வேலையா பெருவிரலால கீழ் இமையை இழுத்துப் பாத்திட்டு "வெளிறிப்போய்க் கிடக்கு பிள்ளை, இரும்புக் குளிசை ஒழுங்காப் போடுறனீங்களோ" எண்டு கேட்டவர். ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறது, ரிப்போட் எல்லாம் அதுக்குப் பிறகுதான். ரத்தச்சோகை இருக்கோ எண்டு பாக்கிற அந்த ஒரு செக்கன் பார்வையைத்தான், ரத்தத்தில ஹீமோகுளோபின் எவ்வளவு எண்ட நம்பரா இப்ப ஃபோன் கமராவால மாத்தப் பாக்கினம்.

ஏன் இமை எண்டால், தோல்ல மெலனின் எண்ட நிறப்பொருள் குறுக்க நிக்கும், ஆளுக்கு ஆள் நிறம் வேற. இமையின்ர உள்பக்கம் அந்தக் கரைச்சல் பெரிசா இல்லை, மெல்லிய சவ்வு, அதுக்குக் கீழ நேர ரத்தக்குழாய்.

ரத்தத்தில ஒட்சிசனைக் காவுற ஹீமோகுளோபின் பச்சை வெளிச்சத்தை நல்லாக் குடிக்கும், ஒட்சிசன் ஏறின ரத்தம் எண்டால் 542, 577 நானோமீட்டர் பக்கம் கூடவே குடிக்கும், சிவப்பைப் பெரும்பாலும் விட்டிடும், அதாலதான் ரத்தம் சிவப்பாத் தெரியுது. ஹீமோகுளோபின் குறைஞ்சா குடிக்க ஆளில்லை, பச்சையும் சேந்து திரும்பி வரும், இமை வெளிறும்.

ஆனா கமரா சிவப்பு, பச்சை, நீலம் எண்டு மூண்டு நிறமாத்தான் பாக்கும், அந்த நுணுக்கமெல்லாம் அதில கலங்கிப்போகும். அமெரிக்காவில பர்டூ பல்கலைக்கழகத்தில யங் கிம்மின்ர குழு, ஒரே இமையை ஸ்பெக்ட்ரோமீட்டராலயும் (வெளிச்சத்தை நிறம் நிறமாப் பிரிச்சு அளக்கிற கருவி) கமராவாலயும் எடுத்து ஒப்பிட்டு, மூண்டு நிறத்தில இருந்தே முழு நிறமாலையைக் கணக்கால திருப்பி எடுக்கிற வழியைக் கண்டுபிடிச்சு 2020இல வெளியிட்டவை. கென்யாவில 153 நோயாளிகளில பாத்தது. எனக்கு இதில பிடிச்சதே இதுதான், புது மெஷின் ஒண்டும் வேண்டாம், கையில இருக்கிற ஃபோன் காணும்.

கரைச்சல் வெளிச்சத்தில. அக்காவின்ர இமையை ரியூப் லைட்டுக்குக் கீழயும் விறாந்தை வெயிலிலயும் படம் எடுத்துப் பாத்தனான், ஒரே இமை ஒண்டில றோஸ், மற்றதில மஞ்சள் அடிச்சுக் கிடக்கு, ஃபோனும் தன்ர பாட்டுக்கு நிறத்தைத் திருத்திப்போடும். அதால நிறம் தெரிஞ்ச ஒரு அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில வைச்சு எடுத்துச் சரிபாக்கிற முறையும் இருக்கு. கண்நோய் வந்து சிவந்திருந்தாலும், அழுதிட்டு வந்தாலும் கணக்குப் பிழைக்கும்.

கர்ப்பிணிக்கு முதல் மூண்டு மாதத்திலயும் கடைசி மூண்டு மாதத்திலயும் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் கீழ, நடு மூண்டு மாதத்தில 10.5க்குக் கீழ போனாச் சோகை எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 10.8ஆ 11.2ஆ எண்டதுக்குப் படத்தை நம்பேலாது, ஊசி வேணும்தான். ஆனா நெடுந்தீவில இருந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு வாறதெண்டால் குறிகட்டுவான் மட்டும் வள்ளம், பிறகு பஸ், ஆரை முதல்ல வள்ளத்தில ஏத்தோணும் எண்டு சொல்லுறதுக்கு அந்தப் படம் காணும்.