வேலுவே: நெதர்லாந்தின் புன்செய்

நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தில் காடும் புதர்வெளியும் மணல்மேடும் கலந்து கிடக்கும் மேட்டுநிலத்துக்கு வேலுவே என்று பெயர். 'விளையாத நிலம்' என்று பொருள் சொல்வார்கள். அதற்குத் தெற்கே, ரைன், வால் ஆறுகளுக்கு நடுவில் வண்டல் படிந்த பேட்டுவே இருக்கிறது. அது 'நல்ல நிலம்'. இந்த இணை நம்மிடம் அப்படியே உண்டு: புன்செய், நன்செய். அதனால் வேலுவேக்குப் புன்செய் அல்லது புன்புலம்தான் சரியான தமிழ்.

'தரிசு' என்று எழுதினால் பொருந்தாது. தரிசு, உழாமல் போட்ட நிலம். வேலுவேயின் புதர்வெளியை உண்டாக்கியதே குடியானவர்கள்தான். பனியூழியில் பனிப்பாறை தள்ளிக் குவித்த மணலும் சரளையுமான மண், சத்துக் கிடையாது. ஆடுகளைப் புதர்வெளியில் மேயவிட்டார்கள். செடியை வேரும் மண்ணுமாகச் செத்தியெடுத்துப் பட்டியில் பரப்பினார்கள். புழுக்கையும் மூத்திரமும் ஊறியதும் அதுவே வயலுக்கு எரு. நூற்றாண்டுக் கணக்கில் இது நடந்ததால் மரம் தலையெடுக்கவில்லை.

அங்கே பரவிய செடி ஹெதர். ஆகஸ்டில் ஊதாவாகப் பூக்கும். டச்சு மொழியில் செடிக்கும் 'ஹெய்டே', அது வளரும் நிலத்துக்கும் 'ஹெய்டே'. முல்லைப் பூவும் முல்லை நிலமும் போலத்தான். அதற்காக முல்லை என்றே பெயர்க்க எனக்கு மனமில்லை. வாசகருக்கு முல்லைக்கொடி கண்ணில் வந்து நிற்கும். ஹெதர்வெளி போதும்.

அளவுக்கு மீறிச் செத்திய இடங்களில் மணல் வெளிப்பட்டுக் காற்றில் பறந்தது. கோட்வைக் ஊரருகே இன்றும் சுமார் 700 ஹெக்டேர் அப்படி இருக்கிறது. இதற்குத் தூத்துக்குடிப் பக்கத்துச் சொல் தயாராக உண்டு: தேரி. நம் தேரி சிவப்பு, அங்கே வெளிர்நிறம். 

அந்த மணலில் குழியானை இருக்கிறது. புனல் போலக் குழி பறித்து அடியில் புதைந்திருக்கும். விளிம்பில் எறும்பு சறுக்கினால் மணலை வாரியடித்து உள்ளே விழவைக்கும். ஹெதர்வெளியில் பக்கிப் பறவை கூடு கட்டாமல் தரையிலேயே முட்டையிடும். அந்தியில் ராட்டை சுற்றுவது போல அதன் குரல் நிற்காமல் கேட்கும். செம்மான், காட்டுப்பன்றி, விரியன் எல்லாம் மண்ணின் உயிர்கள். மூஃப்லான் காட்டாடு மட்டும் அப்படியல்ல. வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டது. 2019இல், நூறாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, வேலுவேயில் ஓநாய் குட்டி ஈன்றது. அப்புறம் மூஃப்லான் கூட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது.