தை மாதம் வாங்கிய ரோஜா சித்திரையில் ஏன் காய்கிறது? தொட்டியில் ரோஜா வளர்க்கத் தொடங்கும் வேலூர்க்காரர்களுக்கு

பொங்கலுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் எங்கள் நாற்றுப்பண்ணையில் மிகுதியாக விற்பது ரோஜாச் செடிதான். அதே செடிகள் காய்ந்துவிட்டன என்று மக்கள் வருத்தத்தோடு வந்து நிற்பது சித்திரையிலும் வைகாசியிலும். தோட்டக்கலை படித்து, காட்பாடிப் பக்கம் பண்ணை வைத்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த இரண்டு பருவங்களையும் மாறி மாறிப் பார்த்து வருகிறேன். வேலூரில் கோடையில் காயும் ரோஜாக்களில் பெரும்பாலானவை வெயிலால் மட்டும் காய்வதில்லை. வாங்கிய அன்று வேரைப் பார்க்காமல் பூவைப் பார்த்ததும், பிறகு ஊற்றிய தண்ணீர் எத்தகையது என்று எண்ணிப் பார்க்காததும் சேர்ந்து செடியை முன்பே தளர்த்திவிடுகின்றன; கத்திரி வெயில் அதைக் கடைசியாக முடித்து வைக்கிறது.

சென்ற ஆண்டு சித்திரைக் கடைசியில் சத்துவாச்சாரியிலிருந்து ஓர் அம்மா, வாடிய செடியைத் தொட்டியோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். "தம்பி, காலையிலயும் சாயங்காலமும் தவறாம தண்ணி ஊத்தினேன். அப்படியும் காஞ்சுபோச்சு. நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லு" என்றார். தொட்டியைச் சாய்த்து, விளிம்பைத் தட்டிச் செடியை வெளியே எடுத்தேன். அவர் போட்ட புது மண் சேறாகக் கையில் ஒட்டியது. ஆனால் நடுவில், செடியோடு வந்த மண் உருண்டை ஒரு தேங்காய் அளவுக்குக் கல்லாக இறுகியிருந்தது. கொத்தால் தட்டி உடைத்தபோது உள்ளே புழுதி பறந்தது. வேர்கள் அந்த உருண்டைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருந்தன; ஒரு நூல் அளவுகூடப் புது மண்ணுக்குள் இறங்கவில்லை. அவர் தண்ணீர் ஊற்றியது உண்மை. அந்தத் தண்ணீர் களிமண் உருண்டையின் ஓரமாக வழிந்து அடித் துளை வழியாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

நம் பகுதியில் விற்கப்படும் ஒட்டு ரோஜாச் செடிகள் (ஓர் அடிச்செடியின் மேல் வேறொரு ரோஜா வகையை ஒட்டி வளர்த்தவை) பெரும்பாலும் ஒசூர்ப் பக்கத்திலிருந்தும், ஆந்திரத்தில் ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள கடியம் போன்ற நாற்றுப்பண்ணை ஊர்களிலிருந்தும் லாரியில் வருகின்றன. நெடுந்தூரம் வரும் செடியின் வேரைச் சுற்றிப் பிசுபிசுப்பான களிமண் இருப்பது பயணத்துக்கு நல்லது. தொட்டிக்கு வந்த பிறகு அதே களிமண்தான் தடையாகிறது. ஆகவே வாங்கி வந்த செடியை ஒரு வாரம் நிழலில் வைத்துப் பழக்கிவிட்டு, நடும் நாளில் பையை முழுவதுமாகக் கிழித்து எடுத்து, உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். ஊறியதும் வெளிப்புறக் களிமண்ணை விரல்களால் மெதுவாகக் கரைத்து, மூன்றில் ஒரு பங்கு மண்ணையாவது நீக்கிவிட்டு, வேர் நுனிகள் வெளியே தெரியும்படி நடுங்கள். மண்ணை முழுவதும் உதறி வேரை வெறுமையாக்கிவிடக் கூடாது. புதியவர்கள் அதையும் செய்து செடியை இழந்திருக்கிறார்கள்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? பூவைப் பார்க்காதீர்கள் என்று சொன்னால் கேட்பவர் மனம் சுருங்குகிறது. இருந்தாலும் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்து பூ பூத்து, ஒரே மெல்லிய கிளையோடு நிற்கும் செடியைவிட, பூவே இல்லாமல் பென்சில் பருமனில் இரண்டு மூன்று கிளைகளோடும், செம்பு நிறத் துளிர்களோடும் நிற்கும் செடி எவ்வளவோ மேல். தண்டின் நுனி கறுத்திருந்தால் வேண்டாம். தண்டில் பழுப்பு நிறத்தில் சிறு செதில்கள் அப்பியிருந்தால், அது செதில் பூச்சி. அந்தச் செடி உங்கள் மாடியிலுள்ள மற்றச் செடிகளையும் கெடுக்கும். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பாருங்கள். ஒட்டுக் கட்டிய இடம் வீங்கித் தெளிவாகத் தெரிய வேண்டும், அதற்கு மேலிருந்துதான் கிளைகள் புறப்பட்டிருக்க வேண்டும். நடும்போது அந்த இடம் மண்ணுக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்தில் நிற்கட்டும்.

"செடி நல்லா வளருது, ஆனா பூவே வரல" என்று கேட்டு வருபவர்களில் பாதிப்பேர் வளர்ப்பது, தாங்கள் வாங்கிய ரோஜாவை அல்ல, அது ஒட்டப்பட்ட அடிச்செடியை. ஒட்டுக்குக் கீழிருந்து வெளிறிய பச்சையில், வேகமாக, நீளமாக ஒரு கிளை கிளம்பும். ஒரு காம்பில் ஏழு சிற்றிலைகள் இருப்பதும் உண்டு. எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம், கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்பதை விரலால் மண்ணை விலக்கிப் பாருங்கள். அது அடிக்கிளைதான் என்று உறுதியானால், கத்தரிக்காமல், பிறந்த இடத்தோடு கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். வெட்டினால் அதே இடத்தில் மீண்டும் துளிர்க்கும்.

முதல்முறையாக வளர்ப்பவர் எந்த வகையில் தொடங்க வேண்டும் என்று கேட்டால், நான் தயங்காமல் சொல்வது எட்வர்ட் ரோஜா, அதாவது நம் கடைகளில் பன்னீர் ரோஜா என்று கேட்டு வாங்கும் இளஞ்சிவப்பு வாசனை ரோஜா. குச்சியை நட்டே வேர் பிடிக்கும் என்பதால் ஒட்டுச் சிக்கல் இல்லை, வெயிலைத் தாங்கும், ஒரு கிளை கருகினாலும் அடியிலிருந்து மீண்டு வரும். பூ இரண்டு நாள்கூட நிற்காது என்பது உண்மைதான், ஆனால் வாசனைக்கு ஈடு இல்லை. ஆந்திரச் சிவப்பும், கொத்துக் கொத்தாகப் பூக்கும் பட்டன் ரோஜாவும் அடுத்த நிலையில் நம்பத்தக்கவை. பூச்செண்டில் வரும் நீண்ட காம்பு ரோஜாவை, குறிப்பாகத் தாஜ்மஹால் போன்ற வகைகளை, முதல் செடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவை ஒசூரில் பசுமைக்குடிலுக்குள் வளர்க்கப்படுபவை. ஒசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூர் 200 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. அங்கே கோடையிலும் இரவு குளிர்ந்துவிடும். இங்கே பகலெல்லாம் சூடேறிய பாறைக் குன்றுகளும் மாடித் தளமும் இரவிலும் அனலை வெளிவிட்டுக்கொண்டிருக்கும். ஒரு கோடையைக் கடந்து அனுபவம் பெற்றபின் அவற்றை வாங்கலாம்.

வாங்க ஏற்ற காலம் ஐப்பசிக் கடைசியிலிருந்து மார்கழி வரை. வேர் இறங்க நான்கு மாதமாவது கிடைத்தால்தான் செடி சித்திரையைத் தாங்கும். தைப் பிறப்புக்கு வாங்குபவர்கள், முதலில் வரும் மொட்டுகளைக் கிள்ளிவிட்டு, அந்த வலிமையை வேருக்குத் திருப்ப வேண்டும். மாசி பிறந்துவிட்டால், வாங்குவதை அடுத்த ஐப்பசிக்குத் தள்ளிப்போடுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

தொட்டி 12 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். 14 அங்குலம் என்றால் இன்னும் நல்லது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி நம் ஊர் மாடி வெயிலில் வேரை வேக வைத்துவிடும். மண் தொட்டி வேரைக் குளிர்ச்சியாக வைக்கும். புதுச் சிமெண்டுத் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு இறங்கும் என்பதால், ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி, அதை மாற்றி மாற்றிக் கொட்டிய பிறகே பயன்படுத்துங்கள். எந்தத் தொட்டியானாலும் தளத்தில் நேரே வைக்காமல் செங்கல் துண்டுகளின் மேல் உயர்த்தி வையுங்கள். மண் கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, கழுவிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, இவற்றோடு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் ஒரு கைப்பிடி எலும்புத் தூளும் போதும். நார்க்கழிவுக் கட்டியில் உப்பு இருக்கும். மூன்று முறையாவது நல்ல தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பகுதிகளில் ரோஜா வளர்ப்பவரின் உண்மையான சிக்கல் அங்குதான் இருக்கிறது. நம் ஆழ்துளைக் கிணறுகளில் பலவற்றின் நீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. குளியலறைக் குழாயில் படியும் வெள்ளைக் கறையே அதற்குச் சான்று. ரோஜா உப்பைத் தாங்கும் செடி அன்று. தொட்டியில் ஊற்றும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கிவிடும். நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ந்து, ஆறு மாதத்தில் மண் தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளை வளையமாகப் பூக்கும். முதிர்ந்த இலைகளின் ஓரம் அப்பளம்போல் கருகத் தொடங்கினால் உப்பு கூடிவிட்டது என்று பொருள். புதுத் துளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், மண்ணில் சுண்ணாம்பு மிகுந்து, இருக்கும் இரும்புச் சத்தையும் வேரால் எடுக்க முடியவில்லை என்று பொருள். இரண்டாவது குறைக்கு, ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பையும் சில துளி எலுமிச்சைச் சாற்றையும் கலந்து, கலந்த உடனே மாலை வேளையில் இலை மேல் தெளித்தால், இரண்டு வாரங்களில் பச்சை திரும்பும். மருந்துக் கடையில் கிடைக்கும் இரும்புச் சத்து மாத்திரையைக் கரைத்து ஊற்ற வேண்டாம். உரக்கடையில் கிடைக்கும் பெர்ரஸ் சல்பேட்டுதான் அன்னபேதி.

இங்கே ஒரு பழக்கத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். வீட்டில் ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் தண்ணீரை வீணாக்க மனமின்றிச் செடிகளுக்கு ஊற்றுகிறார்கள். நோக்கம் நல்லது, ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் இருக்கிறது. அதைத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள், ரோஜாவுக்கு வேண்டாம். கடின நீரை மென்மையாக்கும் கருவியின் தண்ணீரிலும் சோடியம் கூடியிருக்கும் என்பதால் அதுவும் ஆகாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருவில் இருப்பவர்கள் ஒரு குடத்தை ரோஜாவுக்கென்று எடுத்து வைக்கலாம். மழைநீர்தான் எல்லாவற்றிலும் சிறந்தது. தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதால் பெரும்பாலான மாடிகளில் அதற்கான குழாய் இருக்கிறது. அதனடியில் ஒரு பீப்பாயை வைத்து, மூடி போட்டு, கொசு புகாமல் வலை கட்டினால் போதும். கிணற்று நீரை விட்டால் வழியில்லை என்பவர்கள், பதினைந்து நாளுக்கு ஒரு முறை, இருப்பதில் நல்ல தண்ணீராகப் பார்த்து, அடித் துளை வழியாகத் தாராளமாக வழியும்வரை ஊற்றி, பத்து நிமிடம் கழித்து மீண்டும் அவ்வாறே ஊற்றுங்கள். தேங்கிய உப்பு கரைந்து வெளியேறும். வழிந்த நீர் தட்டில் நிற்கக் கூடாது.

மற்ற நாட்களில் கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாமல், ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று வேண்டாம். ஊற்றும் நாளில் அடிவரை நனையட்டும். மேலாகத் தெளித்துவிட்டுப் போவதால் வேர் மேலேயே நின்று, வெயிலில் கருகுகிறது.

உரத்தில் நம்மவர்கள் காட்டும் அன்பு சில வேளைகளில் செடிக்குத் தாங்காது. நட்ட முதல் மாதம் எதுவும் வேண்டாம். நான் பண்ணை தொடங்கிய புதிதில், மாற்றி நட்ட நாற்பது செடிகளுக்கு ஒரு வாரத்திலேயே தேக்கரண்டி அளவு டி.ஏ.பி. என்ற ரசாயன உரம் வைத்து, பாதிக்கு மேல் இழந்தேன்; புது வேர் அந்த உப்பைத் தாங்கவில்லை. முதல் மாதம் கழிந்த பிறகு, மாதம் ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரமும், மூன்று நாள் ஊறிய கடலைப் புண்ணாக்குக் கரைசலைப் பத்து மடங்கு நீரில் கலந்தும் கொடுத்தால் போதும். முட்டை ஓட்டைச் சேர்த்து வைத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு சொல்: நம் தண்ணீரிலேயே சுண்ணாம்புச் சத்து வேண்டிய அளவு இருக்கிறது.

பங்குனி பாதியில் தொட்டிகளைக் கிழக்குப் பக்கம் நகர்த்தி, காலை வெயில் மட்டும் படும்படி நெருக்கமாக வையுங்கள். இடம் இல்லையென்றால் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலையோ தேங்காய் மட்டைத் துண்டோ பரப்புங்கள். கத்திரி முடியும்வரை கவாத்து (கிளை வெட்டுதல்), தொட்டி மாற்றம், உரம் மூன்றும் வேண்டாம். அந்தக் காலத்தில் இலை மங்கலாகப் புள்ளியிட்டால், ஒரு வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டிப் பாருங்கள். நகரும் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது சிலந்திப் பேன். விடியற்காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து வந்தாலே பெரிதும் அடங்கும். வேப்பெண்ணெய்க் கரைசலை வெயில் சாய்ந்த பிறகே தெளிக்க வேண்டும். மழைக்காலத்தில் கரும்புள்ளி நோய் கண்டு விழுந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். தொட்டியிலேயே மட்க விடாதீர்கள்.

கவாத்துக்கு ஐப்பசி முதல் வாரம் ஏற்றது. நெருப்பில் காட்டிய அல்லது ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரியால், வெளிநோக்கிய கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக, கிளையில் பாதியை வெட்டி, வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசுங்கள். பூசாமல் விட்டால் மழை ஈரத்தில் நுனி கறுத்து, கருகல் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே வரும். ஏறத்தாழ 45 நாளில், மார்கழிக்கு முன்பே பூ வந்துவிடும். முதல் ஆண்டுச் செடிக்கு இந்த அளவு வெட்டு தேவையில்லை. காய்ந்த குச்சிகளை மட்டும் நீக்குங்கள்.

குல்கந்துக்காகப் பன்னீர் ரோஜா வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பண்ணையிலிருந்து வரும் செடிக்குப் பூச்சிமருந்து தெளித்திருப்பார்கள். நீங்கள் வாங்கிய பிறகு குறைந்தது மூன்று மாதமாவது கழித்து, உங்கள் தொட்டியிலேயே பிறந்த கிளைகளில், மருந்து படாமல் பூத்த பூவின் இதழ்களை மட்டுமே வாயில் வையுங்கள். குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

சத்துவாச்சாரி அம்மாவின் செடியைக் காப்பாற்ற முடியவில்லை. கார்த்திகையில் வந்து ஒரு பன்னீர் ரோஜா வாங்கிக்கொண்டார். களிமண்ணைக் கரைக்கும் வேலையை எங்கள் வாளியிலேயே, என் எதிரில், தம் கையாலேயே செய்தார். உங்கள் செடி வாடினால், எங்களிடம் வந்தாலும் விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கப் போனாலும், கைப்பேசிப் படத்தோடு மட்டும் போகாமல், வாடிய கிளை ஒன்றையும், நீங்கள் ஊற்றும் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்தும் எடுத்துச் செல்லுங்கள்.