யூரியா மானியம் மூட்டைக்கா, ஏக்கருக்கா?

சம்பா நடவு முடிந்ததும் கூட்டுறவுச் சங்க வாசலில் யூரியாவுக்கு வரிசை நின்றுவிடும். உள்ளே பொட்டாஷ் மூட்டைகளுக்குக் கேட்பார் குறைவு. காவிரி டெல்டாவில் வேளாண் பணியில் இருக்கும் நான் ஆண்டுதோறும் பார்ப்பது இது. விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசு. மணிச்சத்து (பாஸ்பரஸ்) தரும் டிஏபி 50 கிலோ 1,350 ரூபாய். 2010-இல், உரத்திலுள்ள சத்தின் அளவுக்கேற்ப தரும் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை மட்டும் அதில் சேர்க்காமல் விட்டார்கள். மற்ற உரங்களின் விலை ஏறியது, யூரியா அப்படியே நின்றது. கையில் காசில்லாதவர் எதை வாங்குவார்?

யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சிய பயிர் கருகருவென்று பச்சை கட்டும்; பார்க்க மனம் நிறையும். அந்த அடர்ந்த தூரில்தான் சாறுறிஞ்சும் புகையான் பூச்சி வந்து அடையும். தண்டு வலுவிழந்து, பிந்திய மழைக்குப் பயிர் சாய்ந்துவிடும். இட்ட தழைச்சத்தில் பாதிக்கு மேல் பயிருக்குச் சேருவதே இல்லை. நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் இறங்குகிறது, நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது.

இதைச் சொன்னால், உலக வர்த்தக அமைப்புக்குப் பணிந்து மானியத்தைப் பறிக்கப் பார்க்கிறீர்களா என்கிறார்கள். இல்லை. அரிசிக்கான ஆதரவை 1986–88 விலையோடு ஒப்பிட்டு, உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் என்று அந்த அமைப்பு வரம்பு கட்டுவது அநியாயம்தான். 2018-19-இல் இந்தியா அந்த வரம்பைத் தாண்டி, 2013 பாலி மாநாட்டில் கிடைத்த பாதுகாப்பு விதியின் துணையால்தான் வழக்கிலிருந்து தப்பியது. உர மானியத்துக்கோ, ஏழை விவசாயிகளுக்கான இடுபொருள் உதவி என்ற விலக்கு இருக்கிறது. ஆகவே மாற்றம் கேட்பது ஜெனீவாவிலிருக்கும் அந்த வர்த்தக அமைப்பு அல்ல, நம் மண்.

மொத்தத் தொகையில் ஒரு ரூபாயும் குறைக்காமல், மூட்டைக்குத் தருவதை ஏக்கருக்குப் பணமாகத் தர வேண்டும். விளைச்சலோடும் விலையோடும் கட்டுப்படாத உதவியை வர்த்தக விதிகளும் தடுப்பதில்லை. ஆனால் பட்டாவை மட்டும் பார்த்துக் கொடுத்தால் வாய்மொழிக் குத்தகையில் உழுபவருக்கு ஒன்றும் கிடைக்காது; முதலில் அவர்களைப் பதிவு செய்தாக வேண்டும். அவசரமும் கூடாது. 2021-இல் இலங்கை ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தி, நெல் விளைச்சல் சரிந்ததைப் பார்த்தோம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலையில், உங்கள் நிழலிலேயே வைத்து, முழுதாக விரிந்த மேல் இலையை எண்ணிட்ட பச்சை நிறப் பட்டைகள் கொண்ட இலை வண்ண அட்டையோடு ஒப்பிடுங்கள். பத்து இலைகளில் குறைந்தது ஆறு இலைகள் 4-ஆம் எண் நிறத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம் இடுங்கள். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு அந்த எல்லை 3.