விடியட்டும் என்று காத்திருக்கலாமா?

இரவு பத்து மணிக்கு மேல் என் போன் அடித்தால் பெரும்பாலும் இந்தக் கேள்விதான்: "டாக்டர், இப்பவே தூக்கிட்டு வரவா, விடியட்டுமா?" கையோடு காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதையும் சொல்லிவிடுவார்கள். குழந்தை நல மருத்துவராக நான் முதலில் கேட்பது குழந்தைக்கு எத்தனை மாதம் என்றுதான்.

இரண்டு மாதம் நிரம்பாத குழந்தை என்றால் காத்திருக்கும் பேச்சே வேண்டாம். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து 99.5 ஃபாரன்ஹீட் தொட்டாலே அன்றிரவே டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரியவர்களுக்கு அது காய்ச்சலே இல்லை. ஆனால் அந்த வயதில் ரத்தத்தில் கிருமி பரவியிருந்தாலும், மூளைக்காய்ச்சலாக இருந்தாலும், வெளியே தெரிவது சில நேரம் அந்த லேசான சூடு மட்டும்தான். சூடே இல்லாமல் உடம்பு சில்லிட்டுப் போவதும் அதே அளவு ஆபத்து.

45-ஆம் நாள் தடுப்பூசி போட்ட அன்றோ மறுநாளோ வரும் காய்ச்சல் வேறு. நர்ஸ் சொன்ன அளவில் மருந்து கொடுத்துவிட்டுக் கவனித்துக்கொண்டிருக்கலாம். அப்போதும் குழந்தை பால் குடிக்க மறுத்தால் ஊசிக் காய்ச்சல்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள்.

மற்றபடி, எட்டு மாதக் குழந்தைக்கு 102 அடிக்கிறது, மருந்து கொடுத்ததும் சிரிக்கிறது, பால் குடிக்கிறது, ஒன்றுக்குப் போகிறது என்றால் தாராளமாகக் காலையில் வரலாம். அதே எட்டு மாதக் குழந்தை 100 டிகிரியில் துவண்டு கிடந்தாலோ, எழுப்பினால் மட்டும் கண் திறந்து மறுபடி மூடிக்கொண்டாலோ, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை என்றாலோ, காலை வரை தள்ளிப் போடக் கூடாது.

மூச்சை எப்படிப் பார்ப்பது என்று பலருக்குத் தெரிவதில்லை. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, போன் கடிகாரத்தைப் பார்த்தபடி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பச்சிளங்குழந்தைகளின் மூச்சு விட்டுவிட்டு வரும், அதனால் அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் கணக்குத் தப்பும். இரண்டு மாதத்துக்குள் 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ மூச்சு வேகம் அதிகம். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, முனகல் சத்தம் வந்தாலோ எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

போனில் பேசுவது பெரும்பாலும் அப்பா, இல்லாவிட்டால் தாத்தா. அம்மாவிடம் கொடுங்கள் என்பேன். "மாந்தம்தான், உரை மருந்து கொடுத்திருக்கு, சரியாயிடும்" என்று பெரியவர்கள் முடிவு செய்திருப்பார்கள். போனை வாங்கும் அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "எப்பவும் போல இல்லீங்க டாக்டர், வாய் வெச்சதும் விட்டுட்டுத் தூங்கிடறான்" என்பாள். எனக்கு அது போதும், வரச் சொல்லிவிடுவேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுப்பவளுக்குத் தெரியும் மாற்றம் வீட்டில் வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. மாமியார்களும் மாமனார்களும் இதைப் படித்தால், அவள் பேச்சை அன்றிரவு மட்டுமாவது தட்டாமல் கேளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரவில் நடக்கும் இன்னொரு ஆபத்து பாரசிட்டமால். டிராப்ஸில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து. 125 சிரப்பில் (ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம்) ஒரு மில்லிக்கு 25 தான். ஐந்து கிலோ குழந்தைக்கு அந்தச் சிரப்பில் 3 மில்லி வரை கொடுக்கலாம். தூக்கக் கலக்கத்தில் டிராப்ஸையே 3 மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். அப்படியே இரண்டு மூன்று வேளை தொடர்ந்தால் கல்லீரல் தாங்காது. பாட்டிலைப் படிக்காமல் மூடியைத் திறக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, தடுப்பூசி போட்டபோது நர்ஸ் சொன்ன மருந்தைத் தவிர, டாக்டரைக் கேட்காமல் எந்த மருந்தும் வேண்டாம். இருமல் சிரப்பை மெடிக்கலில் கேட்டு வாங்குவதை அறவே விடுங்கள். மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்ததையடுத்து, இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்துகளே எழுதக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய அரசு அறிவுறுத்தியது.

எங்கே போவது என்பதைப் பகலிலேயே விசாரித்து வையுங்கள். பூட்டிய கிளினிக்கிலிருந்து நர்சிங் ஹோம், அங்கே குழந்தை டாக்டர் இல்லை என்று அடுத்த ஊர் என அலைந்ததில் இரண்டு மூன்று மணி நேரம் போன பிறகு என்னிடம் வந்து சேரும் குழந்தைகள் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பச்சிளங்குழந்தைகளுக்கான தனிப் பிரிவு இரவு பகலாக இயங்குகிறது. சென்னை என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. கிளம்பலாமா என்ற சந்தேகத்துக்கு 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம். மூச்சுத் திணறல், வலிப்பு, நீலம் பாரித்தல் என்றால் நேராக 108. குழந்தையின் வயதையும், மூச்சு எப்படி இருக்கிறது என்பதையும் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீரோ கரண்டியோ, கையில் சாவிக்கொத்தோ வேண்டாம். எத்தனை நிமிடம் நீடித்தது என்று மட்டும் பார்த்து வையுங்கள்.

பைக்கில் காற்று அடிக்கத் தூக்கி வராதீர்கள். பச்சிளங்குழந்தை என்றால் அம்மாவின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து, மேலே போர்வை போர்த்தி, மூக்கும் வாயும் வெளியே தெரிகிறபடி கொண்டுவாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, கொடுத்த மருந்துகளின் பாட்டில்கள், உரை மருந்து கொடுத்திருந்தால் அது என்ன என்ற விவரம், எல்லாம் கூடவே வரட்டும். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்பது திட்டுவதற்கு அல்ல. அடுத்து எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம் என்பதை நாங்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.