நுண்ணெகிழி: சொல் விளக்கம்

மைக்ரோபிளாஸ்டிக் என்பதைத் தமிழில் நுண்நெகிழி, நுண்ணெகிழி, நுண்பிளாஸ்டிக் என்று பலவாறு எழுதுகிறோம். கண் + நீர் கண்ணீர் ஆவதுபோல நுண் + நெகிழி நுண்ணெகிழி ஆகும். புணர்ச்சிப்படி அதுதான் சரி. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று பிரித்து எழுதினாலும் பொருள் கெடாது.

கிரேக்கத்தில் 'மிக்ரோஸ்' என்றால் சிறியது. 'பிளாஸ்டிகோஸ்' என்றால் வேண்டிய உருவத்தில் வனையக்கூடியது. தமிழில் நெகிழ்தல் என்பது தளர்தல், இளகுதல். சங்கப் பாடல்களில் தலைவியின் கைவளை நெகிழும். இன்றும் நம் மனம் நெகிழ்கிறது. சூட்டில் இளகி அச்சில் வடிவம் எடுக்கும் பொருளுக்கு நெகிழி மிகப் பொருத்தமான பெயர்.

'நுண்' என்றதும் கண்ணுக்கே தெரியாதது என்று நினைத்துவிடக் கூடாது. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான எல்லாமே இதில் அடங்கும். ஏறக்குறைய ஓர் அரிசிமணி நீளம் வரை. 2004இல் பிரிட்டனின் ரிச்சர்ட் தாம்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் இந்தச் சொல்லைப் பரவலாக்கியது. அது கடலைப் பற்றியது. ஆற்று மீன்களின் பக்கம் ஆய்வாளர்கள் திரும்பியது அப்புறம்தான்.

அதில் சிகாகோ ஆய்வு முக்கியமானது. அங்குள்ள ஃபீல்டு அருங்காட்சியகத்தில், சுற்றுவட்டார நன்னீர் மீன்களை 1900 முதலே பாடம்செய்து சாடிகளில் வைத்திருக்கிறார்கள். லயோலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த மீன்களின் குடலை எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டார்கள். நுரைத்துப் பொங்கி, சதையும் உணவும் கரைந்துபோகும்; நெகிழி மட்டும் கரையாது. மிஞ்சியதை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 1950க்கு முந்தைய மீன்களில் நெகிழி இல்லை. அதன் பிறகு 2018 வரை அளவு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு பொருள் ஆற்றுக்குள் நுழைந்த காலத்தை மீனின் வயிறே பதிந்து வைத்திருக்கிறது என்பது என்னை உலுக்கிய செய்தி.

இங்கேதான் 'நுண்ணெகிழித் துகள்' என்ற வழக்கு இடறுகிறது. துகள் என்றால் பொடி, தூசு. சிகாகோ மீன்களில் அதிகம் இருந்ததோ இழைகள். தேம்ஸ் ஆற்றின் ரோச் மீன்களிலும் அப்படித்தான்: ஆராய்ந்தவற்றில் 33 விழுக்காட்டு மீன்களில் நெகிழி இருந்தது, அதில் முக்கால் பங்கு இழை. பாலியெஸ்டர் துணியைத் துவைக்கும்போது உதிர்ந்து, கழிவுநீரோடு ஆற்றில் கலக்கிற இழைகளும் இதில் உண்டு. துகள் என்று எழுதினால் வாசகர் நொறுங்கிய பாட்டிலையும் கிழிந்த பையையும்தான் நினைப்பார். துவைக்கப் போட்ட சட்டை நினைவுக்கு வராது.

ஆகவே பொதுப்பெயராக நுண்ணெகிழி போதும். கிடைத்தது இழை என்றால் நெகிழி நுண்ணிழை என்றும், முகம் கழுவும் பசைகளில் சேர்க்கப்பட்டு அமெரிக்கா 2015இல் சட்டம் போட்டுத் தடுத்த உருண்டைகள் என்றால் நுண்மணி என்றும் எழுதலாம். துகள் உடைந்த சில்லுக்கு மட்டும் இருக்கட்டும்.