இடைவெளியை அடைத்தால் வலையுருவரையம் ஆகிவிடாது

இந்தத் தவணையிலும் அதே ஒப்படை என் மேசைக்கு வந்துவிட்டது. தரம் 11 மாணவன் ஒருவன் மட்டக்களப்பின் மாதாந்த மழைவீழ்ச்சியை எக்செலில் பன்னிரண்டு பட்டைகளாக வரைந்து, இடைவெளிகளைப் பூச்சியமாக்கி, மேலே ‘வலையுருவரையம்’ (histogram) என்று தலைப்பிட்டிருந்தான்.

“யார், மகன், இப்படிச் செய்யச் சொன்னது?”

“ரியூசன் சேர். பட்டைகள் ஒட்டியிருந்தால் வலையுருவரையம், விலகியிருந்தால் சலாகை வரைபு என்றார்.”

இதைக் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். மார்கழிப் பட்டை ஏன் உயரம்? வடகீழ்ப் பருவமழை கொட்டியதால். அப்படியென்றால் நிலைக்குத்து அச்சில் இருப்பது மில்லிமீற்றர். மீடிறன், அதாவது எத்தனை தடவை என்ற எண்ணிக்கை, எங்கே? வலையுருவரையத்தில் நாம் எண்ணுகிறோம்: எத்தனை மாதங்களில் 0–50 மில்லிமீற்றர் பெய்தது, எத்தனை மாதங்களில் 50–100 பெய்தது. அப்படி எண்ணியதும் மார்கழி என்ற பெயரே வரைபிலிருந்து மறைந்துவிடும். எண்கோட்டில் ஒரு வகுப்பாயிடை (0–50 போன்ற ஒரு வீச்சு) முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குவதால் பட்டைகள் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. நீங்கள் பசை பூச வேண்டியதில்லை. மாதங்களையும் எண்கோட்டில் வைக்கலாமே என்று வாதிடும் சக ஆசிரியர்களும் இருக்கிறார்கள். தாராளமாக வையுங்கள், அப்போதும் நீங்கள் எதையும் எண்ணவில்லை.

எக்செலில் 2016 பதிப்பிலிருந்து வலையுருவரையத்துக்கென்றே தனித் தெரிவு இருக்கிறது. ஆனால் அது சமனற்ற வகுப்பாயிடைகளை ஏற்காது. அதற்கு ஜியோஜிப்ரா என்ற கணித மென்பொருளிடம் போங்கள். பாடசாலைக்கு வர 0–10 நிமிடம் எடுப்போர் 8 பேர், 10–20 நிமிடம் 10 பேர், 20–60 நிமிடம் 12 பேர் என்றால், கடைசிப் பட்டை மற்றவற்றைவிட நான்கு மடங்கு அகலம், ஆகவே அதன் உயரம் 12 அல்ல, 3. பரப்பளவுதான் கணக்கு. இதைச் சொல்லிக்கொடுக்காமல் மென்பொருளைத் திறந்துவிட்டால், தூரத்திலிருந்து வருவோரே அதிகம் என்று பிள்ளை எழுதிவைக்கும்.

பயண நேரம் உண்மையிலேயே நல்ல தரவு. என் வகுப்பில் பாதிப் பேர் பாடசாலைக்குப் பக்கத்து ஒழுங்கைகளிலிருந்து நடந்து வருகிறார்கள். மீதிப் பேர் வாவியின் மறுகரையான படுவான்கரையிலிருந்து இயந்திரப் பாதையில் (மோட்டார் பூட்டிய மிதவையில்) வாவியைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வருகிறார்கள். ஆயிடையின் பருமனை, அதாவது அகலத்தை, 30 நிமிடம் என்று வைத்தபோது ஒரே மேடு தெரிந்தது. 5 நிமிடமாக்கியதும் இரண்டு மேடுகளும் நடுவே ஒரு பள்ளமும் வந்தன. “சேர், அந்தப் பள்ளம்தான் வாவி” என்றாள் பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி. ஒரு நிமிடமாக்கினோம், பல்லுதிர்ந்த சீப்பு. மென்பொருளால் கிடைக்கும் பெரிய நன்மை இதுதான்: கையால் மூன்று தடவை வரைய எந்தப் பிள்ளைக்கும் பொறுமை இருக்காது.

ஆகவே தயவுசெய்து மென்பொருள் தானாகத் தரும் முதல் படத்தை அப்படியே அச்சிடாதீர்கள். பருமனை மூன்று விதமாக மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு முறையாவது வரவுக்குறி (ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு) போட்டுக் கையால் எண்ண வையுங்கள். அச்சுகளுக்குப் பெயரில்லாத வரைபைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இரக்கம் வேண்டாம்.

எல்லைப் பெறுமானங்களையும் கவனியுங்கள். எக்செல் 25–35 என்ற ஆயிடையில் 35ஐச் சேர்த்துக்கொள்ளும், 25ஐ விட்டுவிடும். ஜியோஜிப்ரா வழக்கமாக இதற்கு நேர்மாறு. முழுவெண் புள்ளிகளுக்கு 24.5, 34.5, 44.5 என்று எல்லை வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஒரு பெற்றோர் கூட்டத்தில் தவணைப் பரீட்சைப் புள்ளிகளை எக்செலில் வரைந்து திரையில் காட்டினார்கள். 35க்குக் கீழ் என்று சிவப்பில் நின்ற பட்டையில் சரியாக 35 எடுத்த மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் சித்தியடைந்தவர்கள் என்பதை நான் எழுந்து நின்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் ஒரு தாய் அழத் தொடங்கியிருந்தார்.